லூபா ஈவனின் மூன்றாவது சவாரி

அலாஸ்காவில், எங்கள் பெத்தெல் ஊரில் விமானி வேலை கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டே கேள்விகள்தான். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்பது முதல் கேள்வி. எப்போது ஊரைவிட்டுப் போவாய் என்பது இரண்டாவது. இரண்டாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பதில்தான் எல்லோருக்கும் தெரியுமே. மினசோட்டாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் ஐந்நூறு மணி நேரத்தோடு வந்து இறங்குவார்கள். இரண்டு வருடம் குக்கிராமங்களுக்குத் தபாலும் சோடா டப்பாவும் குழந்தை டயப்பரும் சுமப்பார்கள். கணக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தொட்ட வாரமே ஏதாவது ஒரு ஜெட் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். காட்டு வாத்துக்குக்கூட எங்கள் ஊர்மேல் இதைவிடப் பிரியம் உண்டு, அது அடுத்த வருடமும் வரும்.

லூபா ஈவனிடம் அந்த இரண்டாவது கேள்விக்கு வேலை இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது பெத்தெலுக்கு மேற்கே கலுக்யாக் கிராமத்தில். கலுக்யாக்கிற்குச் சாலை கிடையாது. அலாஸ்காவின் இந்த மூலையில் எந்த ஊருக்கும் கிடையாது. பதினெட்டு வயதில் பெத்தெலுக்கு வந்து, ஒரு சின்ன விமானக் கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தாள். அதே கம்பெனியில் அவள் அண்ணன் மக்சிம் விமானி. அவள் ஏற்றிய மூட்டையை அவன் கொண்டுபோய் இறக்குவான். சரக்கில்லாமல் திரும்புகிற நாட்களில் அவளை வலது சீட்டில் உட்கார வைத்து, "பிடி, நான் தூங்கறேன்" என்று கண்ணை மூடிக்கொள்வான். ஒரு கண் அரைக்கண்ணாகத் திறந்திருக்கும்.

கிராமத்துச் சங்கத்தின் உதவித்தொகையில் அவளும் பறக்கக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் கையில் வந்தபோது கணக்கு இருநூற்று ஐம்பது மணி. அதன் பிறகுதான் வேடிக்கை. ஐந்நூறு இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது, பயணிகளை ஏற்றாமல் ஐந்நூறு சேராது. ஆங்கரேஜ் பக்கம் போய்க் கதவு கதவாகத் தட்டினாள். கடைசியில் பாராசூட்காரர்களை மேலே கொண்டுபோய் விடும் வேலை கிடைத்தது. நன்றாகப் பறந்துகொண்டிருக்கிற விமானத்திலிருந்து எதற்காகக் குதிக்கிறார்கள் என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு கோடைக்காலம் அவர்களைச் சுமந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மக்சிம் போன் செய்வான்.

"எத்தனை ஆச்சு?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

"அடிப் பாவி. நடந்தே வந்திருக்கலாம்."

இருவரும் ஒரே கம்பெனியில் பறப்பது, ஒருநாள் சொந்தமாக ஒரு விமானம் வாங்குவது, அதன் வாலில் ஈவன் என்று பெரிதாக எழுதுவது. அண்ணன் தங்கை இருவருக்கும் இதுதான் திட்டம். வால் நிறத்தில் மட்டும் சண்டை இருந்தது.

போன மார்ச்சில், லூபாவின் கணக்கு நானூற்று எண்பத்தாறில் நிற்கும்போது, மக்சிம் கலுக்யாக்கிற்குத் தபால் கொண்டுபோனான். போய்ச் சேரவில்லை.

அந்த ஊருக்குப் பறக்க இரண்டு வழிகள். ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போவது ஒன்று. பாதியில், இரண்டு மீன்பிடிக் குடிசைகள் நிற்கிற திருப்பத்தில் ஆற்றை விட்டுவிட்டு ஏரிகளின்மேல் மேற்கே குறுக்காக வெட்டுவது இன்னொன்று. ஆற்றோடு போனால் அங்கிருந்து பதினாறு நிமிடம், வெட்டினால் ஏழு. வெளியூர் விமானிகள் வானம் பனியில் கொஞ்சம் வெளுத்தாலே ஆற்றை விடமாட்டார்கள், அவர்களுக்கு ஏரி எது எதுவென்று தெரியாது. மக்சிமுக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து அந்த ஏரிகளில் வாத்து சுட்டவன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தவன்தான் இங்கே காலை விட்டான். பனி மூடிய தரை, பனி கொட்டும் வானம், இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. கோடு இல்லாத இடத்தில் மனுஷனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. இந்த மண்ணில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஊர் விமானத் தளத்தில் மகனுக்காகக் காத்திருந்த அவன் அம்மா ஒல்கா, இருட்டும்வரை தன் ஹோண்டாவைவிட்டு இறங்கவில்லை. நாங்கள் நான்கு சக்கர வண்டி எதையும் ஹோண்டா என்றுதான் சொல்வோம்.

லூபா அழவில்லை. சவப்பெட்டி வந்தபோதும், பாதிரியார் தூபம் காட்டியபோதும், மூன்று குறுக்குக்கட்டை சிலுவையை நட்டபோதும் அழவில்லை. நாற்பதாம் நாள் விருந்துக்கு எண்பது பேருக்குத் தேநீர் ஊற்றினாள், சால்மன் அறுத்தாள், பாத்திரம் கழுவினாள். பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பாராசூட்காரர்களிடம் திரும்பிப் போனாள். ஜூனில் ஐந்நூறைத் தொட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வராது என்று தெரிந்திருந்ததால் அதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் பெத்தெலுக்கு வந்து, பழைய கம்பெனியில் விமானி வேலை கேட்டாள். ஏன் கேட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. போட்ட திட்டத்தில் பாதி பாக்கி இருந்தது. அதுவும் இல்லாவிட்டால் காலையில் எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

தலைமை விமானி கர்ட் அவளை எடுத்துக்கொண்டார். மினசோட்டாவிலிருந்து மணி நேரம் சேர்க்க வந்து, பதினாலு வருடமாகப் போக மறந்துபோன மனிதர். சிடுமூஞ்சி. கம்பெனியில் புதியவர்களை வலது சீட்டில் உட்கார்ந்து சோதித்து, இவரைத் தனியே அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர்தான். மக்சிமுக்குப் போட்டதும் அவர்தான். மார்ச்சில் அவனை அனுப்பியதும் அவர்தான்.

முதல் சவாரியில் லூபா ஒரு பனி மழைக்குள் நேராக ஓட்டிக்கொண்டு போனாள். உயரம் இருபது அடிகூடப் பிசகவில்லை. கர்ட் ஓட்டும் பிடியைத் தன் கைக்கு வாங்கி விமானத்தைத் திருப்பினார். இரண்டாவது சவாரியில், காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு ஓடுபாதையில் இறங்கப் போனாள். அதிலும் அவர்தான் பிடியை வாங்கினார். இறங்கிய பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"உன் கையில ஒரு குறையும் இல்ல லூபா. இங்க இருக்கிற பாதிப் பேரைவிட நல்லா ஓட்டுற. ஆனா உன் வயித்துல ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"போதும், திரும்புன்னு வயிறு சொல்லணும். உனக்குச் சொல்றதில்ல. மக்சிமுக்கு இடம் தெரியும்கிற தைரியம். உனக்கு என்னன்னு எனக்குப் புரியல. பயந்தியான்னு கேட்டா இல்லங்கிற. பொய்யும் சொல்லல. அதான் எனக்குப் பிடிக்கல."

"பயத்தை எங்க போய்ப் படிக்கிறது?"

"அது தெரிஞ்சா புஸ்தகம் போட்டு வித்துட்டு ஹவாயில இருப்பேன்." அவர் காப்பியை ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "இன்னும் ஒரு சவாரி. அதுல நான் பேச மாட்டேன், பிடியைத் தொட மாட்டேன். தொட வேண்டி வந்துச்சுன்னா நீ திரும்ப மூட்டை ஏத்தப் போயிடு. இன்னொரு ஈவனை நான் தேடிப் போறதா இல்ல."

"சரி" என்றாள் லூபா. அந்தச் சரியைக் கேட்டதும் அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் மூன்றாவது சவாரி வந்தது. ஊர் கலுக்யாக். கர்ட் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாரா, வரிசையில் தானாக வந்ததா என்று அவள் கேட்கவில்லை. சாமான் ஏற்றும் பையன்களுக்கு அன்று கொண்டாட்டம்.

"கேப்டன் அம்மா, பெரிய ஆள் ஆனப்புறம் எங்களை மறந்துடாதீங்க."

"எங்கடா மறக்கப் போறா. நாளைக்கு நம்மளோடதான் மூட்டை தூக்குவா."

"போடா, அந்தப் பெட்டியை முன்னால தள்ளு. வால் கனமாயிருச்சுன்னா உன்னைத்தான் முன்னால உக்கார வைப்பேன்" என்றாள் லூபா. வாய் பழைய பழக்கத்தில் பேசியது.

பயணி ஒரே ஆள். அவள் சித்தி மகள் ஒக்சேனியா. பிரசவத்துக்காக ஒரு மாதம் முன்பே பெத்தெலுக்கு வந்து ஆஸ்பத்திரி விடுதியில் தங்கியிருந்தவள், இப்போது நான்கு நாள் குழந்தையோடு வீடு திரும்புகிறாள். குழந்தையைப் பூப்போட்ட துணிக்குள் சுற்றி, அதன்மேல் பார்க்கா கோட்டை மூடி, மூக்கு மட்டும் தெரிய வைத்திருந்தாள். லூபா பயணிப் பட்டியலை எடுத்தாள்.

"உன் எடை சொல்லு."

"போன மாசம் கேட்டிருந்தா வெக்கமா இருந்திருக்கும். நூத்தி அம்பத்தஞ்சு."

"குழந்தை?"

"ஏழு பவுண்டு."

"பேரு?"

ஒக்சேனியா கொஞ்சம் தயங்கினாள். "பேப்பர்ல மத்ரோனா. பாதிரியார் வர்றப்ப அதுதான். ஆனா பேரு அதில்ல. பெரியம்மா உங்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

"முந்தாநாள் போன் பண்ணுச்சு. பேரை விட்டுக்குடுத்துடுச்சுடி. இவன் அயாப்ருன்."

அயாப்ருன் என்பது மக்சிமின் பெயர். பாதிரியார் வைத்தது மக்சிம், அம்மா வைத்தது அயாப்ருன். எங்கள் மொழிப் பெயர்களில் ஆண் பெண் கிடையாது. செத்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைத்தால் அவரே வந்துவிட்டார் என்று பொருள், அப்புறம் அந்தப் பிள்ளையை அந்த உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு கலுக்யாக்கில் மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்று வீட்டாரும் வந்து கேட்டும் ஒல்கா மகனின் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப மட்டும் எப்படி விட்டுச்சு?" என்று லூபா கேட்டாள்.

"கனவுல வந்து தண்ணி கேட்டானாம். தாகத்தோட வந்துட்டான்னுதானே அர்த்தம். அதான்." ஒக்சேனியா கோட்டை விலக்கிக் காட்டினாள். "பாரு, உங்க அண்ணன். தாடை அப்படியே இல்ல?"

லூபா பார்த்தாள். சிவப்பாக, சுருங்கி, கோபமாக ஒரு முகம். தபால் மூட்டையின்மேல் ஒட்டியிருக்கும் விலாசத்தைப் படிப்பது போலப் படித்தாள். எதுவும் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது, அதனால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

"சரி, ஏறு" என்றாள்.

கர்ட் வலது சீட்டில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "பொண்ணா, பையனா?"

"பொண்ணு. ஆனா லூபாவோட அண்ணன்" என்றாள் ஒக்சேனியா.

கர்ட் பதினாலு வருடம் இங்கே இருந்தவர். "ஏழு பவுண்டு அண்ணன்" என்று முனகிவிட்டு பெல்ட்டை மாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது வானம் எழுநூறு அடியில் தொங்கியது, பார்வை ஐந்து மைல். போகக்கூடிய வானிலைதான். கீழே மரமில்லாத பழுப்புத் தரை. ஏரிகளில் மெல்லிய பனிக்கட்டி பிடித்து, அதன்மேல் இரவு விழுந்த பனி வெள்ளையாகக் கிடந்தது. ஆறு மட்டும் இன்னும் உறையாமல் கறுப்பாக ஓடியது. லூபா ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். பின்சீட்டில் ஒக்சேனியா காய்ந்த மீனை மென்றுகொண்டே குழந்தையோடு ஏதோ கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

இருபது நிமிடத்தில் பனி தூவ ஆரம்பித்தது. ஐந்து மைல் நாலானது, மூன்றானது. லூபா ரேடியோவில் ஊர் ஏஜெண்ட் சிமியோனைக் கூப்பிட்டாள். விமானத்தில் வருகிற சாமானை இறக்கி வீடு வீடாகச் சேர்ப்பது அவன் வேலை. சிமியோனின் வானிலை ஊரறிந்தது. தன் மூக்கு தனக்குத் தெரிந்தால் நல்ல வானிலை என்பான், ஏனென்றால் விமானம் வராவிட்டால் சோடா வராது.

"இங்க நல்லாதான் இருக்கு" என்றான் சிமியோன். "வா வா. உங்கம்மா ஒரு மணி நேரமா ஹோண்டாவுல உக்காந்திருக்கு. டம்ளர்ல தண்ணி வேற கொண்டாந்திருக்கு, உறைஞ்சே போச்சு. சீக்கிரம் வா."

"வர்றேன்" என்றாள் லூபா.

கர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொன்னபடி அவர் பேசவில்லை.

இரண்டு குடிசைகள் தெரிந்தன. ஆற்றின் அடுத்த வளைவு பனியில் மங்கிக் கிடந்தது. மேற்கே, ஏரிகளின்மேல், கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. ஏழு நிமிடம். அம்மா குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். பூட்ஸ் மாதிரி இருக்கிற ஏரி, அதற்கப்புறம் இரட்டை ஏரி, அதற்கப்புறம் ஊர்த் தேவாலயத்தின் நீலக் குமிழ்க் கோபுரம். லூபாவுக்கும் எல்லாம் தெரியும், மக்சிமோடு அதே படகில் உட்கார்ந்து வாத்து சுட்டவள். யோசித்துத் திருப்பினாள் என்று சொல்ல முடியாது. கை தானாக மேற்கே சாய்த்தது. ஆறு இறக்கைக்கு அடியில் நழுவிப் பின்னால் போனது. வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள், கல்லின்மேல் கை வைத்துப் பார்ப்பது போல.

பூட்ஸ் ஏரி வந்தது. வெள்ளையாக. அதற்கு அப்பால் கொட்டும் பனியில் தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை.

பின்னாலிருந்து ஒக்சேனியா எட்டிப் பார்த்து, குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கினாள். சந்தோஷத்தில் அவள் குரல் எஞ்சினையும் மீறிக் கேட்டது.

"அயாப்ருன்! எந்திரி! பாரு, உன் ஏரி வந்துருச்சு!"

இந்த ஏரிக்கு அப்பால்தான் அவனைக் கண்டெடுத்தார்கள். அவன் இப்போது பின்சீட்டில் இருக்கிறான். ஏழு பவுண்டு. அவனை இதே இடத்துக்கு, இதே வழியில், தன் கையாலேயே கொண்டுவந்திருக்கிறாள். பயம் வந்தது. வயிற்றில் தொடங்கி முழங்காலுக்கு இறங்கி, பெடலின்மேல் வைத்திருந்த இரண்டு கால்களும் தடதடவென்று ஆடின. உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது. ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது, வலித்தது, நெஞ்சைப் போட்டு அழுத்தியது. செத்துப்போய்விடுவோம் என்று அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நம்பினாள்.

வெளியே பார்க்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. வெளியே பார்த்தவன்தான் போனான். கண்களைக் கருவிகளின்மேல் வைத்தாள். இறக்கையை மெல்லச் சாய்த்தாள். அப்படியே அரை வட்டம் திரும்ப ஒரு நிமிடம் ஆகும். ஊசி மேற்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து கிழக்கு. ஜன்னலில் வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

அப்புறம் கறுப்பாக ஒரு கோடு. ஆறு.

"சிமியோன்" என்றாள் ரேடியோவில். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நாங்க திரும்புறோம். பெத்தெலுக்குப் போறோம்."

"ஏன்? இங்க நல்லாதான்..."

"திரும்புறோம் சிமியோன்."

மேலும் அவன் ஏதோ சொன்னான். வெறும் இரைச்சலாக வந்தது. பிறகு அதுவும் இல்லை. பின்னால் ஒக்சேனியா, "என்னடி, வீட்டுக்குப் போகலையா?" என்று கத்தினாள். லூபா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

பெத்தெலில் இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகும் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. கர்ட் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். சீட்டுத் துணியின் கோடுகள் இரண்டு புறங்கையிலும் பதிந்திருந்தன. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ஆத்தை விட்டுட்ட" என்றார்.

"விட்டுட்டேன்."

"அதுக்கே உன்னை மூட்டை தூக்க அனுப்பணும்."

"அனுப்புங்க."

"இன்னும் அஞ்சு எண்ணிட்டுப் பிடியை வாங்கிடலாம்னு இருந்தேன். மூணு எண்ணுறதுக்குள்ள திருப்பிட்ட." அவர் அவளுடைய முழங்காலைப் பார்த்தார். "எப்ப இருந்து இப்படி ஆடுது?"

"ஏரிகிட்ட இருந்து."

கர்ட் பெல்ட்டைக் கழற்றினார். அவர் கண் ஓரம் சிவந்திருந்தது, ஆனால் சிடுசிடுப்பு போகவில்லை. "அந்தப் பயத்தைப் பத்திரமா வச்சுக்கோ. மக்சிமுக்கு அது இருக்கான்னு கேக்காம நான் கையெழுத்துப் போட்டுட்டேன்." கதவைத் திறந்து இறங்கினார். "நாளைக்கு எட்டு மணி. வானம் திறந்தா உன் அண்ணனை நீயே கொண்டுபோய் விடு. நான் வரல, எனக்கு வேற வேலை இருக்கு."

ஐந்நூறு மணி நேரமும் இரண்டு கோடையும் கேட்டு நின்ற வேலை இப்படித்தான் அவளுக்குக் கிடைத்தது. சந்தோஷப்படுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆபீஸ் போன் அடித்தது, மூட்டை ஏற்றும் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "லூபா, உங்கம்மா" என்றான். இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

திட்டு விழும் என்று நினைத்துத்தான் போனை எடுத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் குளிரில் உட்கார வைத்துவிட்டு, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் திரும்பிப் போனவள் அவள்.

"அம்மா."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும். சிமியோனின் செல்போனிலிருந்து பேசுகிறாள், இன்னும் ஓடுபாதையில்தான் நிற்கிறாள்.

"வழியில வெளுத்துப்போச்சும்மா. திரும்பிட்டேன். பெத்தெல்ல இருக்கோம்."

"சிமியோன் சொன்னான். ரேடியோவுல பாதிதான் கேட்டுச்சுன்னான்." அம்மாவின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "அவன்?"

"அவனும்தான். ஒக்சேனியா மடியில இருக்கான். கத்தி ஊரைக் கூட்டுறான், கேக்கலையா?"

லூபா போனைக் குழந்தை பக்கம் நீட்டினாள். நான்கு நாள் தொண்டை ஆபீஸ் முழுவதையும் நிறைத்தது. போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மார்ச்சுலயும் நான் இதே இடத்துலதான் நின்னேன் லூபா. இந்தப் போனுக்குத்தான் நின்னேன். வரல."

லூபா சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அழுறியாடி?" என்றாள் அம்மா.

"ஆமா."

"அழு. நல்லா அழு. அப்புறம் எந்திரிச்சு அவனுக்குத் தண்ணி குடு. நான் கொண்டாந்தது உறைஞ்சுபோச்சு. எவ்வளவு தூரம் போயிட்டுத் திரும்பியிருக்கான், தாகமா இருக்கும்."

ஒக்சேனியா காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, தானும் தரையில் உட்கார்ந்து குழந்தையை லூபாவின் மடியில் வைத்தாள். லூபா சுண்டு விரலைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒரு சொட்டு வைத்தாள். குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. முகம் சுருங்கியது, நாக்கு வெளியே வந்து தேடியது.

"இன்னும் கேக்குறான் பாரு" என்றாள் ஒக்சேனியா.

"குடுக்கறேன் அண்ணா, இரு" என்று லூபா மறுபடி விரலை நனைத்தாள்.